போட்டோவில் ஓர் ஆளுக்கு இடம்

என் மாமனாரை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தில் போதகர் அவரைக் குடும்பப் பிரியர் என்று சொன்னார். நல்ல கலைஞர், நல்ல தகப்பன், நல்ல விசுவாசி என்று அடுக்கிக்கொண்டே போனார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பிரியத்தோடு ஒரே கூரைக்குக் கீழ் பல வருடம் குடியிருந்தவள் நான். அது எப்படிப்பட்ட பிரியம் என்பது போதகருக்குத் தெரியாது.

அவர் அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய இளைய மகனைக் கட்டிக்கொண்டு எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்த வீட்டுக்குப் போனேன். அவர் ஓய்வு பெற்று அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பள்ளிக்கூடச் சுவர்களில் வரைந்து பழகிய கை, வேலை முடிந்ததும் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. மல்லி டப்பாவில் மல்லிச் செடி, மிளகாய் டப்பாவில் மிளகாய்ப் பழம் என்று படம் போட்டார். வாசிக்கத் தெரியாதவர்களா இந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அத்தை கேட்பார். அத்தை என்றால் என் மாமியார். தண்ணீர்த் தொட்டியில் மீன் வரைந்தார். மகள் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் அவர்களுடைய சிலேட்டுச் சட்டத்தில் கிளி வரைந்து கொடுத்தார்.

குழாயில் தண்ணீர் வருவதே எங்கள் தெருவில் அப்போது ஒரு சேதி. பாத்திரம் அலசிய தண்ணீரையும் அத்தை செடிக்கென்று எடுத்து வைப்பார். மாமா அதில் போய்ப் பிரஷ்ஷைக் கழுவி நீலமாக்கி வைப்பார். "இனி நம்ம வீட்டுக் கருவேப்பில நீலமாத்தான் துளுக்கும்" என்று அத்தை கத்துவார். மாமா சிரிப்பார். கோபப்பட்டு நான் அவரைப் பார்த்ததே இல்லை.

சபையில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பின்னால் தொங்கும் திரையும் அவர் வரைந்ததுதான். அதில் பெத்லகேம் ஊர் தெரியும். மேய்ப்பர்களுக்குப் பக்கத்தில் நம்மூர்ச் செம்மறிகள் நிற்கும். தூரத்தில் கரிசல் காடும் வெடித்த பருத்தியும் தெரியும். பெத்லகேமில் பருத்தி ஏது என்று சபைப் பெரியவர் ஒருவர் கேட்டதற்கு, "நீங்க போயிப் பாத்தீகளா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தார்.

வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்து சேராமல் அவருக்குச் சோறு இறங்காது. நான் பாலவனத்தத்தில் டீச்சராக இருந்த நாட்களில் பஸ் பிந்தினால், தெரு முக்கில் குடையோடு வந்து நிற்பார். மழை இல்லாத ஊரில் குடை எதற்கு என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். வெயிலுக்குத்தான், எனக்காக. இப்படிப்பட்ட மாமனார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று என் அம்மா சொல்லுவாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், முதல் கிறிஸ்துமஸ் வரைக்கும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கிறிஸ்துமஸ் காலையில் ஆராதனை முடிந்து வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், புதுத் துணியோடு எல்லோரும் முற்றத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டூடியோக்காரர் காலையிலேயே ஸ்டாண்டோடு வந்து காத்திருப்பார். மாமாவும் அத்தையும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் பின்னால் நின்றார். நான் புதுப் பெண். அவர் பக்கத்தில் ஒட்டி நிற்கப் போனேன்.

"அங்கன ஓர் ஆளுக்கு எடம் விட்டு நில்லும்மா" என்றார் மாமா.

தள்ளி நின்றேன். "இன்னுங் கொஞ்சம்" என்றார். இன்னும் தள்ளினேன். யாரோ வரப்போகிறார்கள் என்று நினைத்துத் தெருவைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டூடியோக்காரர் ஒன்றும் கேட்காமல் படத்தை எடுத்துவிட்டுப் போனார். கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ் போட்டோவில், புருஷனுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு வெறும் சுவர்.

புது வருடம் பிறந்து சில நாளில் போட்டோ பெரிதாக்கப்பட்டு வந்தது. மாமா அதை ஜன்னலோரம் பலகையில் பொருத்தி, கறுப்பு வர்ணமும் வெள்ளை வர்ணமும் குழைத்துவைத்துக்கொண்டு, முடி போன்ற ஒரு பிரஷ்ஷால் வரைய ஆரம்பித்தார். நாள் போகப் போக அந்த வெறும் சுவரில் ஒரு ஆள் முளைத்தார். முதலில் சட்டை, பிறகு கழுத்து, கடைசியில் முகம். போட்டோவில் எங்களோடு நின்றவர்தான் என்று யாரிடமும் சத்தியம் செய்யலாம், அத்தனை சுத்தமான வேலை. நான் கண்ணாலும் கண்டிராத ஒருவர் என் தோளை ஒட்டி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுப்படியில் அத்தையிடம் கேட்டேன். அவர்தான் சொன்னார்.

வரைந்து சேர்க்கப்பட்டவர் மூத்த மகன். ஊரிலேயே ஒரு பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். நான் அந்த வீட்டுக்குப் போவதற்குச் சில வருடம் முன்னால், டைப்ரைட்டிங் வகுப்புக்கு வந்த பரளச்சிப் பெண் ஒருத்தியோடு அவருக்குப் பழக்கமாகிவிட்டது. பெண்ணுடையது நிலபுலம் உள்ள சம்சாரிக் குடும்பம். இங்கே வேதக்காரக் குடும்பம். சேதி தெரிந்ததும் பெண் வீட்டார் ஒரு டிராக்டர் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார்கள். என் நாத்தனாருக்கு அப்போதுதான் நிச்சயம் முடிந்திருந்தது. தெருவே கூடி நின்றது. மாமா முற்றத்துக்கு வந்து சொன்னாராம்: "எனக்கு மூத்த மகன்னு ஒருத்தன் இல்ல. அவன நீங்க என்ன வேணும்னாலும் செஞ்சுக்கங்க."

மகன் அப்போது உள்ளே கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார். மறுநாள் விடிந்தபோது அவர் வீட்டில் இல்லை. அந்தப் பெண்ணும் பரளச்சியில் இல்லை.

"இல்லன்னு சொன்ன வாய் அது. இருக்கான்னு வரையிற கை இது. ரெண்டுக்கும் நடுவுல கெடந்து நாந்தான் சாகுறேன்" என்றார் அத்தை. குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னார். அழுது ஓய்ந்து பல நாளாகியிருந்தது போலத் தெரிந்தது.

அதன்பின் வருடா வருடம் இதே கதைதான். மூத்தவருக்கு வயது ஏற வேண்டுமே, அதற்கு மாமா தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக் கணக்குப் போட்டார். ஒரு வருடம் நெற்றி ஏறியது. அடுத்த வருடம் உச்சி தெரிந்தது. "எங்கப்பாவுக்கு முப்பத்தஞ்சுல கொட்டுச்சு, எனக்கும் அப்படித்தான். அவனுக்கு மட்டும் எப்படி நிக்கும்?" என்று என்னிடமே விளக்கினார். பிறகு மூக்குக் கண்ணாடி வந்தது. பாவம், எங்கேயோ உயிரோடு இருக்கிற மனிதனை இங்கே உட்கார்ந்துகொண்டு இவர் கிழவனாக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று யாரோ சொல்லக் கேட்ட வருடம், இரண்டு பேருக்கு இடம் விடச் சொன்னார். அந்தப் பெண்ணை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை. அதனால் முந்தானையைத் தலையில் போட்டு, முகத்தைக் குனிய வைத்து வரைந்தார். "சார், வருசத்துக்கு வருசம் ஆளு கூடிக்கிட்டே போகுதே" என்று ஸ்டூடியோக்காரர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் என் மகன் பிறந்து நிற்கப் பழகியிருந்தான். இல்லாத இரண்டு பேருக்கு இடம் விட்டதில் அவன் ஓரமாக ஒதுங்கி, படத்தில் பாதிக் கை வெட்டுப்பட்டு நின்றான். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை வேண்டுமென்றால் போய்த் தேட வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும், இது என்ன மூன்றாவது வழி என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சது வரையிறது மட்டுந்தான்" என்று அவர் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தொண்ணூறு வாக்கில் எனக்குப் பரளச்சிப் பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் வந்தது. ஐப்பசி மழை பெய்து கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற காலம். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். காட்டு வேலையிலிருந்து நேரே வந்தவர், கையில் களைக்கொத்தி இருந்தது.

"டீச்சரு, நீங்க டவுனுல டிராயிங் மாஸ்டர் மருமகதான?"

ஆமாம் என்றேன்.

"ஒங்க வீட்டுப் போட்டாவுல எம்புள்ளையும் நிக்காளாமே?"

மூத்தவரோடு போன பெண்ணின் அம்மா என்று விளங்க எனக்குச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் கையில் இருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டுவிட்டேன். அவர் வீட்டில் மகளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லையாம். அவள் போன அன்றே அவள் அப்பா எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டாராம். அவள் பேரை யாரும் வீட்டில் சொல்லக்கூடாதாம். "எனக்கு அவ மூஞ்சி மறந்துபோயிருமோன்னு பயமா இருக்கு டீச்சர். ஒரு தடவ காட்டுனா புண்ணியமாப் போகும்" என்றார்.

அடுத்த நாள் சாப்பாட்டுப் பைக்குள் செய்தித்தாளில் சுற்றிப் போட்டோவை எடுத்துப் போனேன். மாமாவிடம் சொல்லவில்லை. அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இது எம்புள்ள இல்ல. அவ எதுக்குக் குனிஞ்சு நிக்கப் போறா? அவளா? எவனா இருந்தாலும் நிமிந்துதான் பாப்பா" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

அன்று சாயங்காலம் மாமாவிடம் அப்படியே சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ எழுந்து போய்ப் பென்சிலையும் தாளையும் எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். "நெத்தி எப்படி, கேட்டியா? மோவாய்?" என்றார்.

அதிலிருந்து நான் தபால்காரி ஆனேன். அவர் வரைந்து தருவார். நான் பரளச்சிக்குக் கொண்டு போவேன். அந்த அம்மா களைக்கொத்தியை ஓரமாகச் சாய்த்துவிட்டுப் பார்ப்பார். நெற்றி இன்னும் குறுகல் என்பார், மோவாயில் சின்னதாகக் குழி விழும் என்பார், இடது புருவத்தில் மாடு முட்டிய தழும்பு உண்டு என்பார். இங்கே வந்து நான் ஒப்பிப்பேன். மார்கழி பிறக்கிறதற்குள் தாளில் ஒரு பெண் நிமிர்ந்து எங்களை நேராகப் பார்த்தாள். அந்தப் படத்தைப் பார்த்ததும் அந்த அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கென்று சின்னதாக ஒன்று தனியே வரைந்து கொடுத்தார் மாமா. அந்த வருடம் கிறிஸ்துமஸ் போட்டோவில் நிமிர்ந்த பெண்தான் நின்றாள்.

அந்தச் சின்னப் படத்தை வாங்கிய அன்றுதான் அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். பந்தல்குடி லாரி டிரைவர் ஒருவர் லோடு ஏற்றிக்கொண்டு சோலாப்பூர் போனபோது அவர்களைப் பார்த்திருக்கிறார். மூத்தவர் அங்கே ஒரு மில்லில் இருக்கிறார், ஒரு பெண் பிள்ளையும் இருக்கிறது. இருக்கிற இடம் டிரைவருக்குத் தெரியும்.

ஓடி வந்து வீட்டில் சொன்னேன். அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா பெட்டியைக் கட்டுவார், மதுரைக்குப் போய் ரயில் ஏறுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ, "இந்த வருசப் போட்டாவ அந்த டிரைவர்ட்ட குடுத்து விடுவோம்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சுடுகிறது. மனைவி, மகன், மருமகள் மூன்று பேரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், இந்த மனிதன் போட்டோவைக் கொடுத்து விடப் போகிறாராம். வாயைத் திறந்தால் மரியாதை கெட்டுவிடும் என்று வெளியே போய்விட்டேன். சொன்னபடியே செய்தார். போட்டோவைத் துணியில் சுற்றி, பந்தல்குடிக்குப் பஸ்ஸில் போய், ரோட்டோரக் கடையில் காத்திருந்து டிரைவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். பந்தல்குடி வரைக்கும்தான் அவருக்குத் தைரியம் இருந்தது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள். நான்தான் திறந்தேன். சுருட்டை முடி அடர்ந்த, தொந்தி வைத்த ஒரு ஆள் நின்றார். பக்கத்தில் ஒரு பெண்ணும், கையைப் பிடித்தபடி ஒரு சிறுமியும்.

"யாரு வேணும்?" என்று கேட்டேன். அத்தனை வருடம் போட்டோவில் என் தோளை ஒட்டி நின்றவரைப் பார்த்துத்தான் கேட்டேன். பக்கத்தில் நின்ற பெண்ணின் புருவத்தில் தழும்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவர் "அம்மா" என்று கூப்பிட, அத்தை உள்ளேயிருந்து குரலை வைத்தே கண்டுபிடித்து ஓடி வந்துவிட்டார்.

வீடு அன்றைக்குக் கலகலத்தது. மாமா பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு டப்பாக்களில் உள்ள படங்களை எல்லாம் காட்டினார். மகனிடம் சாப்பிட்டியா, குளிச்சியா என்பதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அந்தப் பரளச்சி அம்மா, கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகப் புருஷனிடம் சொல்லிவிட்டு வந்தார். அம்மாவும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து பேசினார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே இருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம், முன் அறைச் சுவரில் வரிசையாகத் தொங்கிய போட்டோக்களை மூத்தவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மாமா நாற்காலியில் இருந்தார். கடைசிப் படத்துக்கு வந்ததும் மூத்தவர் கேட்டார்.

"இவன் யாருப்பா?"

"நீதான்லே."

"நானில்ல. எனக்கு முடி இருக்கு. கண்ணு நல்லாத் தெரியுது. வருசா வருசம் குந்தி உக்காந்து எவனையோ வரைஞ்சிருக்கீக." குரல் உயரவில்லை. "எங்க இருக்கேன்னு தெரியாத வரைக்கும் சரி. தெரிஞ்ச பெறகும் படத்தத்தானப்பா குடுத்து விட்டீக? ஒரு பஸ்ஸு ஏறி வரத் தோணலையா? அன்னைக்கு என்னைய இல்லன்னு சொன்னது படத்துலயா சொன்னீக? வாயால சொன்னீக. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன்."

நான் பல வருடமாகக் கேட்க நினைத்த கேள்வி. கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் இருந்த இடம் தெரியவில்லை. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஸ்டூடியோக்காரர் வழக்கம்போல ஸ்டாண்டோடு வந்தார். "இந்த வருசம் வேண்டாம் தம்பி" என்று மாமா அவருக்குப் பலகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார். எல்லோரும் இருக்கிற ஒரே கிறிஸ்துமஸ், அதற்குப் போய் வேண்டாம் என்கிறாரே என்று அத்தை முணுமுணுத்தார். மூத்தவர் வீட்டார் புது வருட ஆராதனை வரை இருந்தார்கள். அப்பனும் மகனும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள், ஒரே பெஞ்சில் ஜெபித்தார்கள். பேச்சு மட்டும் இல்லை.

அவர்கள் புறப்படும் நாளில் பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனோம். மாமா எங்களோடு வரவில்லை, முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தார். மதுரை பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டு ஜன்னலோரமாக நின்றோம். அப்போதுதான் பார்த்தோம், மாமா முன்படி வழியாக ஏறிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துணிப் பை.

"எங்கப்பா வாரீக?" என்றார் மூத்தவர்.

"ஒன்னோடதான்."

"இப்பவா? ரயில்ல ஒங்களுக்கு டிக்கெட்டு இல்லையே."

"நின்னுக்கிட்டு வாரேன்." சோலாப்பூர் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி பேசினார். "அன்னைக்கு அந்த ஆளுகளக் கண்டு பயந்துட்டேன்லே. பெறகு ஒம் மூஞ்சியப் பாக்கப் பயந்துட்டேன். வரைஞ்சா அது என்னைய ஒன்னும் கேக்காதுல்ல, அதான் வரைஞ்சுக்கிட்டே இருந்தேன். நீ கேட்டது நாயந்தான். இப்ப நான் ஒன் வீட்டுக்கு வாரேன். வேண்டாம்னா வாசலோட திரும்பிருதேன்."

மூத்தவர் எழுந்து நின்றார். அப்பாவின் பையை வாங்கி மேலே வைத்தார். திரும்ப அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, ஸ்வெட்டர் எடுத்தீகளா, மாத்திரை எடுத்தீகளா என்று ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் பையைக் குலுக்கிக்கொண்டு வந்தார். எத்தனை டிக்கெட் என்று கேட்டார்.

"மூணு முழு, ஒரு அரை" என்றார் மூத்தவர். பிறகு மாமாவின் தோளில் கையை வைத்து, "இவுக எங்கப்பா" என்றார்.

யார் என்று கண்டக்டர் கேட்கவே இல்லை.